ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதாக அறிந்த குடும்பங்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன் என்பதே இதற்கு எனக்குள்ள தகுதி. மருத்துவம் சார்ந்த முடிவுகளுக்கு உங்கள் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரே உரியவர். மதியிறுக்கம் என்று தமிழில் ஒரு சொல் வழங்குகிறது. அரசு அறிவிப்புகளில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்ற தொடரும் காணப்படுகிறது. புற உலகம் இந்தப் பிள்ளைகளைத் தாங்க முடியாத அளவுக்கு வந்து தாக்குவதைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் அந்தத் தொடரை எழுத எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் தங்களுக்குள் பேசும்போது சொல்லும் ஆட்டிசம் என்ற சொல்லையே நானும் கையாள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது நான்கு மாதம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று குடத்தின் மேல் வைப்பான். தொலைக்காட்சி விளம்பரங்களை அப்படியே ஒப்பிக்கிறான், ஆனால் ‘அம்மா’ என்று ஒருமுறைகூட அழைத்ததில்லை. இரண்டு முறை பரிசோதித்த பிறகு ஆட்டிசம் என்று மருத்துவர் கூறிவிட்டார். நான் பள்ளி ஆசிரியை. நான் வேலைக்குப் போனதாலும் குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்ததாலும்தான் இப்படி ஆயிற்று என்று மாமியார் சொல்கிறார். ‘இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான், டாக்டர் சொல்றதையெல்லாம் நம்பாதே’ என்பதும் அவர் வாக்குதான். கணவர் ஒன்றும் பேசுவதில்லை. ராஜினாமா கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இது என்னால் வந்ததா? வேலையை விட்டுவிடட்டுமா?
– வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: உங்களால் வரவில்லை. இதைத் தேறுதலுக்காகச் சொல்வதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் பேசப்படத் தொடங்கியது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பாசமில்லாத தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் இது வருகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். அப்படிப்பட்ட தாய்மாருக்குக் குளிர்பதனப் பெட்டியின் பெயரையே சூட்டினார்கள். 1964இல் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையாக இருந்தவர், இது மூளை வளர்ச்சியைச் சார்ந்த நிலை என்று ஆதாரங்களோடு நூல் எழுதினார். 1977இல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு இருப்பதைக் காட்டியது. பின்னர் தடுப்பூசியின் மேல் பழி விழுந்தது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து 1998இல் வெளியான கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதிய மருத்துவரின் பெயரும் இங்கிலாந்தின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. உங்கள் மாமியாரின் சொல்லுக்கு உலக அளவில் எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது என்பதற்காக இவற்றைக் கூறுகிறேன். காலந்தோறும் காரணம் மாறி வந்திருக்கிறது. சுட்டு விரல் மட்டும் பெரும்பாலும் தாயின் பக்கமே நீண்டிருக்கிறது.

செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. திரையில் வருவது ஒவ்வொரு முறையும் மாறாமல் வருகிறது, பதில் எதுவும் கேட்பதில்லை. மனிதர்களின் முகமும் பேச்சும் குழப்பமாகத் தோன்றும் ஒரு குழந்தைக்கு அது நிம்மதி தருகிறது என்பதால்தான் இந்தப் பிள்ளைகளுள் பலர் அதை விடாமல் பற்றிக்கொள்கிறார்கள். ஆயினும் போனைக் குறைக்கத்தான் வேண்டும். ஒரு பொருளைக் கேட்டு வாங்கவும், பார்த்ததை மற்றவருக்குக் காட்டவும் பழக வேண்டிய பொழுதை அது எடுத்துக்கொள்கிறது. ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

உங்கள் கையை இழுத்துச் சென்று குடத்தின் மேல் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவன் உங்களிடம் பேசும் முறை. அவன் இழுத்ததும் ஓடிப் போய்த் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடாமல், குடத்தருகே போய் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து ‘தண்ணி’ என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். அவன் ஒலி எழுப்பினாலும், டம்ளரைப் பார்த்தாலும், கையை நீட்டினாலும் உடனே கொடுங்கள். ‘தண்ணீர் வேணும்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்’ என்று மட்டும் மடக்காதீர்கள். தாகத்தோடு இருக்கும் குழந்தைக்கு அது பாடமாக இருக்காது. விளம்பரத்தை ஒப்பிப்பதையும் பயனற்ற உளறல் என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் பிள்ளைகளுள் பலர் மொழியைச் சொல் சொல்லாகக் கற்காமல் கேட்ட தொடரை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பிரித்துப் பேசக் கற்கிறார்கள். எந்த விளம்பரத்தை எப்போது சொல்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பசிக்கும்போது ஒன்று, பயப்படும்போது ஒன்று என்று அதில் ஓர் ஒழுங்கு தென்படக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘வீட்டில் இனி ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள், இரண்டு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடும்’ என்று யாரேனும் உங்களிடம் சொல்வார்கள். இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாத்தாவும் பாட்டியும் பக்கத்து வீட்டாரும் தமிழ் பேசும் வீட்டில் இந்தக் குழந்தையிடம் மட்டும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசினால், அவனோடு பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் வருகிறதோ அந்த மொழியிலேயே பேசுங்கள்.

இனி வேலை. அந்தக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். என்னிடம் வரும் தாய்மார்களுள் மருத்துவர் சொன்ன மறுவாரமே வேலையை விட்டவர்கள் பலர். ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் நான் காணும் காட்சி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: தெரபிக்கு அழைத்துச் செல்வதும், அங்கே சொல்லிக் கொடுத்ததை வீட்டில் செய்வதும், பள்ளியில் பேசுவதும், உறவினருக்கு விளக்கம் சொல்வதும் அந்த ஒருவருக்கே உரிய வேலைகளாகிவிடுகின்றன, ‘அவள்தான் வீட்டில் இருக்கிறாளே’ என்று மற்றவர்கள் மெல்ல விலகிவிடுகிறார்கள். சம்பளம் போனபின் தெரபிக் கட்டணம் கணவரின் தலையில் விழுகிறது. அவர் இன்னும் தாமதமாக வீடு திரும்புகிறார். பயிற்சி மையத்தில் உங்கள் மகன் இருக்கப்போவது வாரத்துக்கு ஒரு சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் குளிப்பது, உடுப்பது, உண்பது, படிக்கட்டு ஏறுவது என்று வீட்டில்தான் கழியும். அந்த நேரங்களில் அவனோடு இருக்கிற ஒவ்வொருவரும் அவனுக்கு ஆசிரியர்தான். முழு நேரமும் கூடவே இருந்து களைத்துப்போன ஒரு தாயைவிட, மாலையில் திரும்பி வந்து அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடும் தெம்புள்ள தாய் அவனுக்கு அதிகம் பயன்படுவார். சில குடும்பங்களில் யாரேனும் ஒருவர் வேலையை விடத்தான் வேண்டியிருக்கும். அப்படி நேர்ந்தால் அது இருவரும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கட்டும். தண்டனையை ஏற்றுக்கொள்வதுபோல நீங்கள் மட்டும் அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்த முறை தெரபிக்குப் போகும்போது உங்கள் மாமியாரை அழைத்துச் செல்லுங்கள். மருமகள் வாயிலாகக் கேட்டால் எதிர்வாதம் போலத் தோன்றும் செய்தி, பயிற்சியாளர் தன்னை மதித்து நேரில் சொல்லும்போது வேறாகக் கேட்கும். ‘நாலு வயசுல பேசினான்’ என்ற அவருடைய நினைவை அவர் அங்கே சொல்லட்டும். தந்தை தாமதமாகப் பேசினார் என்பது மருத்துவருக்குப் பயனுள்ள குடும்ப வரலாறு. ஆனால் அதை நம்பி இன்னும் ஓராண்டு காத்திருக்கக் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் பெயருக்குத் திரும்ப வேண்டும், இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேச வேண்டும் என்பவை நாங்கள் பார்க்கும் அளவுகள். இரண்டும் வராமலே உங்கள் மகன் அந்த வயதுகளைத் தாண்டி வந்துவிட்டான். கணவரின் உறவினரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் கணவர். ‘இவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தை அவர் தம் வாயால் சொல்லிவிட்டால், பிறகு அவரால் வீட்டில் பேசாமல் இருக்க முடியாது.

கேள்வி: ஓய்வு பெற்ற அலுவலர் நான். ஐந்து வயதுப் பேரனுக்கு ஆட்டிசம். மடியில் உட்கார மாட்டான், முகத்தைப் பார்க்க மாட்டான். தாத்தா என்று அழைப்பதைக் கேட்காமலேயே போய்விடுவேனோ என்று இருக்கிறது. குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறோம். சென்ற முறை மேளச் சத்தத்துக்கு அலறித் தரையில் புரண்டுவிட்டான். குணசீலத்தில் 48 நாள் தங்க வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். மகன் மறுக்கிறான். எது சரி?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஐயா, குணசீலம் மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கி வழிபடும் வழக்கமுள்ள தலம். உங்கள் பேரனுக்கு இருப்பது மனநோய் அன்று. பிறவியிலேயே மூளை வேறு விதமாக வளர்ந்திருக்கும் நிலை. பெருமாளை வணங்கிவிட்டு அன்றே திரும்புவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அதில் உங்கள் மனம் அமைதி கொள்ளுமானால் நல்லதே. பள்ளியையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டு, பழகிய படுக்கையும் பழகிய உணவும் இல்லாத இடத்தில் 48 நாள் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மாறாத ஒழுங்கை நம்பி வாழும் குழந்தை அவன். உங்கள் மகன் மறுப்பது சரியே.

மேளத்துக்கு அலறியதை அடம் என்று எண்ணிவிடாதீர்கள். அடம் பிடிக்கும் குழந்தை, நாம் பார்க்கிறோமா என்று நடுவில் ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். இது அப்படியன்று. நமக்குத் தூரத்தில் கேட்கும் தவிலும் நாதஸ்வரமும் அவனுக்குக் காதுக்குள்ளேயே அடிப்பதுபோல இருக்கக்கூடும். வீட்டில் மிக்ஸி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானா என்று மருமகளிடம் கேட்டுப் பாருங்கள். தவிர்க்க முடியாத விழா என்றால், கூட்டம் சேருவதற்கு முன் அதிகாலையில் அழைத்துச் சென்று தரிசனம் முடித்துவிடுங்கள். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். தாங்க முடியாதபோது போய் உட்கார ஒரு காரோ ஓர் அறையோ இருக்கட்டும். காதுகுத்தை மட்டும் தள்ளிப் போடுங்கள். பேரனுக்காக அதை ஓராண்டு தள்ளிப் போடுவதால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது என்று உறவினரிடம் சொல்லும் தகுதி அந்தக் குடும்பத்தில் உங்களுக்குத்தான் இருக்கிறது. உங்கள் மருமகள் சொன்னால் அது எடுபடாது. நீங்கள் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வதில் முதலாவது இதுதான்.

இரண்டாவது, முகத்தைப் பார்க்கச் சொல்லாமல் அவன் பக்கத்தில் உட்காருங்கள். முகவாயைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். கார் பொம்மைகளை வரிசையாக அடுக்குகிறான் என்றால் நீங்களும் ஒரு வரிசை அடுக்குங்கள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் சேர்ந்து பாருங்கள். தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில், பத்து நிமிடம் போதும், பேச்சே தேவையில்லை. சில வாரங்கள் கழித்து நீங்கள் ஒரு நாள் வரத் தாமதமானால் அவன் அந்த இடத்துக்கு வந்து நின்று பார்ப்பான். தாத்தா என்ற சொல் வாயால் வருமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பேச்சு வராத பிள்ளைகள் படத்தைக் காட்டி, கையால் குறித்து, செயலியைத் தட்டித் தங்கள் உறவினரை அழைப்பதைத் தினமும் காண்கிறேன். இதற்கான ‘ஆவாஸ்’ என்ற செயலி சென்னையிலேயே உருவானது, தமிழிலும் கிடைக்கிறது. படம் காட்டப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. பேச்சு வரவிருக்கும் பிள்ளைக்கு அது துணையாகவே அமைகிறது. உங்கள் புகைப்படத்தையும் அந்தப் படங்களோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் பார்த்தோம். சில லட்சம் செலவாகும் என்கிறார்கள். என் மனைவியின் நகைகளை விற்றுச் செய்ய எண்ணியிருக்கிறோம். கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தினால் குணமாகும் என்றும் ஒருவர் சொன்னார்.
– வாசகர், சேலம்

பதில்: விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லை) சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தெரிவித்துவிட்டது. உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையும் வேண்டாம். 2005இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்தச் சிகிச்சையின்போது இறந்திருக்கிறான். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. கடுமையான எரிச்சல், தன்னைத் தானே அடித்துக்கொள்ளுதல் போன்றவற்றுக்கு மருத்துவர் சில மருந்துகளைத் தருவதுண்டு. அவை அந்தத் துன்பத்தைக் குறைப்பதற்காக மட்டுமே. வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பதையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோதுமையையும் பாலையும் நிறுத்துவதால் ஆட்டிசம் குறைவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே தயிர்ச் சாதம், ஒரே பிராண்டு பிஸ்கட் என நாலைந்து உணவுகளை மட்டுமே உண்ணும் பிள்ளைகள் இவர்கள். அதிலும் இரண்டை எடுத்துவிட்டால் உடல் மெலிந்துபோகும். ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். மலச்சிக்கல், பல் வலி, தூக்கமின்மை, வலிப்பு ஆகியவை இருந்தால் இவர்களால் அதை வாயால் சொல்ல முடியாது. ‘திடீரென்று முரட்டுத்தனம் வந்துவிட்டது’ என்று அழைத்து வரப்பட்ட ஒரு சிறுமிக்குச் சொத்தைப் பல்தான் காரணமாக இருந்தது. பல் மருத்துவரிடம் போய் வந்த பிறகு அவள் பழையபடி ஆகிவிட்டாள். உங்களிடம் உள்ள பணம் அப்படிப்பட்ட செலவுக்கும், இன்னும் பல ஆண்டுகள் தொடர வேண்டிய பயிற்சிக்கும் தேவைப்படும். நகைகள் உங்கள் மனைவியிடமே இருக்கட்டும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். என் தம்பிக்கு 11 வயது, ஆட்டிசம். அவனை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் ரெக்கார்டு நோட்டைக் கிழித்தபோது அவனை அடித்துவிட்டேன். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. தோழிகளை வீட்டுக்கு அழைப்பதில்லை. ‘அம்மா அப்பாவுக்குப் பிறகு நீதான் இவனைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். ‘இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தம்பியைப் பற்றிச் சொல்லவே கூடாது’ என்று அத்தை ஒருமுறை சொன்னார். எனக்குப் பிறக்கும் குழந்தைக்கும் இப்படி இருக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மகளே, அடித்தது தவறு, அது உனக்கே தெரிந்துதான் தூங்காமல் கிடந்திருக்கிறாய். உன் நோட்டைக் கிழித்தபோது உனக்குக் கோபம் வந்தது தவறில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு உன்னை நீயே தண்டிக்காதே. உன் மேசைக்குப் பூட்டுள்ள ஓர் இழுப்பறை வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேள். தம்பிக்குக் கிழிப்பதற்கென்றே பழைய செய்தித்தாள்களைத் தனியாக எடுத்து வை; காகிதம் கிழியும் ஓசையும் விரலில் அது தரும் உணர்வும் பிடித்துத்தான் பலர் கிழிக்கிறார்கள். தோழிகளுள் நீ நம்பும் ஒருத்தியை மட்டும் முதலில் வீட்டுக்கு அழை. வருவதற்கு முன் தம்பியைப் பற்றி இரண்டு வரி சொல். அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்த்த பிறகு மற்றவர்களைப் பற்றி யோசிக்கலாம்.

உன் கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரியது. ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்துப் பிறக்கும் உடன்பிறப்புக்கு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று ஆய்வுகள் கூறுகின்றன. உடன்பிறந்தவரின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அவ்வளவு இல்லை. மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்றாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருப்பதில்லை. உனக்குத் திருமணமாகும் காலத்தில் மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம். மறைத்துத் திருமணம் செய்ய வேண்டும் என்ற பேச்சை நீ ஏற்க வேண்டாம். தம்பியை மறைத்து அடையும் வீட்டில், அவனைப் பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் நீ பொய் சொல்ல நேரும்.

இனி எழுதுவது உன் பெற்றோருக்கு. இந்தப் பக்கத்தை அவர்களிடம் காட்டு. ஐயா, அம்மா, பதினேழு வயதுப் பெண்ணின் தோளில் அடுத்த ஐம்பது ஆண்டுகளை ஏற்றி வைக்காதீர்கள். அவள் தானாக ஏற்றுக்கொண்டால் அது அவளுடைய பெருந்தன்மை. பிறந்ததாலேயே அது அவள் கடமை என்று சபையில் சொல்ல உறவினருக்கு உரிமை இல்லை. மகனுக்குச் செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகள் உங்களுடையவை. பதினெட்டு வயது முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளராக நீடிப்பதில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் கொண்டுவரப்பட்ட 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். உயிலையும் ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிவிடுங்கள். சொத்தை மகன் பெயருக்கு நேரடியாக எழுதுவதா, அறக்கட்டளையாக வைப்பதா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்கிடையே அவன் தானே குளிக்கவும், சட்டைப் பொத்தான் போடவும், தட்டைக் கழுவி வைக்கவும், கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்கவும் கற்றுக்கொள்ளட்டும். பதினொரு வயதில் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும். அவன் கற்கும் ஒவ்வொரு வேலையும் பின்னாளில் அவனோடு வாழப்போகும் எவருடைய சுமையையும் அவ்வளவுக்குக் குறைக்கும். தேர்வு முடியும் வரை வாரத்தில் ஒரு மாலை, தம்பியை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் மகளோடு மட்டும் இருங்கள். அந்த நேரத்தில் தம்பியைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் வேலை. ஞாயிறு மட்டுமே வீட்டுக்கு வருகிறேன். நாலு வயது மகனுக்கு எல்லாவற்றையும் மனைவியே செய்கிறாள். நான் தூக்கப் போனால் ‘உங்களுக்குத் தெரியாது, விடுங்க’ என்கிறாள். மகனும் அவளிடமே ஓடுகிறான். நான் என்ன செய்வது?
– வாசகர், தாராபுரம்

பதில்: உங்களுக்குத் தெரியாது என்று உங்கள் மனைவி சொல்வதில் உண்மை இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அவரே கற்றுக்கொண்டிருக்கிறார். அவரிடமிருந்து எல்லாவற்றிலும் பாதியை வாங்கிக்கொள்ள முயல வேண்டாம். இரண்டு காரியங்களை மட்டும் முழுதாக உங்கள் பொறுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, அலுவலக வேலைகள் அனைத்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் மகனை அழைத்துச் செல்லுங்கள். அங்கே 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். மதிப்பெண் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். பிள்ளைமேல் முத்திரை குத்துவதாகிவிடும் என்று தள்ளிப் போடாதீர்கள். ஆட்டிசத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கும் பள்ளியிடம் நீங்கள் நீட்டக்கூடியது அந்தச் சான்றிதழ்தான். ஊனத்தின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். பழைய வருமான வரி முறையில் கணக்குக் காட்டுபவரானால் உங்கள் வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், ஊனம் 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்துச் சென்று, வேறு என்ன உதவிகள் உண்டு என்று நீங்களே கேட்டு வாருங்கள். இவற்றுக்காக உங்கள் மனைவி ஒரு வரிசையிலும் நிற்கக் கூடாது.

இரண்டாவது, மகனுக்கு முடி வெட்டுவது. இது பெரும்பாலான வீடுகளில் மாதந்தோறும் நடக்கும் போர். அதைத் தந்தையர் ஏற்றுக்கொண்டு நடத்திய வீடுகளை நன்றாக அறிவேன். முதல் ஞாயிறு சலூன் வாசல் வரை போய்விட்டுத் திரும்புங்கள். அடுத்த ஞாயிறு உள்ளே போய் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து வெட்டிக்கொள்ளுங்கள், அவன் பார்க்கட்டும். மூன்றாவது ஞாயிறு உங்கள் மடியில் அவன். கடைக்காரரிடம் முன்பே பேசிவைத்து, கூட்டம் வருவதற்கு முன் காலையில் கடை திறந்ததும் போங்கள். டிரிம்மரின் ஓசை வேண்டாம், கத்தரி போதும் என்று சொல்லுங்கள். வெட்டிய முடி கழுத்தில் விழுந்து குத்துவதுதான் பலருக்கு மிகப் பெரிய துன்பம் என்பதால், அவனுக்குப் பழகிய பழைய பனியன் ஒன்றை எடுத்துச் சென்று அவ்வப்போது கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருங்கள். பாதியில் எழுந்துவிட்டால் பாதி முடியோடே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். மீதியை அடுத்த வாரம் வெட்டிக்கொள்ளலாம்.